பாட்டு கேட்டது, பேச்சு கேட்கவில்லை: திறந்தவெளி ஆராதனைக்கு மைக் செட் கட்டும் முறை

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பஸ் ஏறும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட ‘தென்னமரம்’ எஸ்டேட் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் சபையில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்தவர்கள். அதனால் வருடத்தில் நாலைந்து முறையாவது ஆராதனை கட்டடத்துக்கு வெளியே நடந்துவிடும். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை தோட்டத்துப் பந்துத் திடலில், கிறிஸ்துமஸ் சமயத்தில் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசலில் ஜெபக்கூட்டம், எப்போதாவது இடுகாட்டில் ஒரு நினைவு ஆராதனை.

நான் முதன்முதலாக மைக் செட் கட்டியது அப்படி ஓர் ஈஸ்டர் காலையில். இரண்டு பெரிய ஸ்பீக்கர், திருகு முழுக்க மேலே. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பாட்டெல்லாம் நல்லா கேட்டுச்சு தம்பி. பாஸ்டர் பேசினதுதான் ஒண்ணும் புரியல.”

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். பாதி காதில் விழுந்தாலே மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். பிரசங்கத்தில் அடுத்த சொல் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பாட்டை வைத்து மைக் செட் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கடைசி நாற்காலியில் சொல் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் கூட்டத்தை மனதில் வைத்து, புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள்

ஒரு வாரம் முன்னாடியே போங்கள், அதுவும் ஆராதனை நடக்கப்போகும் அதே நேரத்துக்கு. மாலை நாலு மணிக்குப் பார்க்கும் திடல் வேறு, காலை ஆறரைக்குப் பார்க்கும் திடல் வேறு. மின்சாரம் எங்கிருந்து வரும், அங்கிருந்து மேடைக்கு எத்தனை எட்டு, மழை பெய்தால் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும், மோட்டார் சைக்கிள் எந்த வழியாகப் போகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆலை இருந்தால் அதன் இரைச்சல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று கேளுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் போலீஸ் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லும் வேலையைச் சபை மூப்பர் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். சின்னப் பையன் போய் நின்றால் நாலு தடவை அலையவிடுவார்கள்.

சூராவ் (சிறிய தொழுகைக் கூடம்) அருகில் இருந்தால் தொழுகை நேரத்தைப் பார்த்தே ஆராதனையை வையுங்கள். ஈஸ்டர் காலத்தில் நம் பக்கம் விடிகாலைத் தொழுகை அழைப்பு ஆறு மணிக்கு முன்பின், அந்தித் தொழுகை ஏழரைக்கு முன்பின். சூரியன் எழுவதோ ஏழு மணிக்கு மேல். ஆறரைக்குத் தொடங்கினால் விடியலும் கிடைக்கும், யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. மாலைக் கூட்டம் என்றால் எட்டரைக்கு முன்பின் இரவுத் தொழுகை அழைப்பும் உண்டு, அதையும் பார்த்தே நேரம் வையுங்கள்.

விடியற்காலையைப் பற்றி இன்னொரு விஷயம். அந்நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலி மேலே போய்த் தொலையாமல் தரைப்பக்கம் வளைந்து வெகுதூரம் ஓடும். வெயில் ஏறிய பிறகு இது தலைகீழாகிவிடும். சூடான தரையிலிருந்து ஒலி மேல்நோக்கி வளையும். முந்தின நாள் மத்தியானம் சரிபார்த்த அளவையே காலையிலும் வைத்தால், அரை மைல் தள்ளியிருக்கும் லயத்தில் தூங்குகிறவர்களையும் எழுப்பிவிடுவீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு, 10 அங்குலமோ 12 அங்குலமோ. அவற்றுக்கு முக்காலி ஸ்டாண்டு இரண்டு. மைக்குகளையும் கீபோர்டையும் ஒன்றுசேர்த்து அளவு வைக்கும் மிக்சர் ஒன்று, ஆறு அல்லது எட்டு சேனல் உள்ளது. டைனமிக் வகை மைக் இரண்டு, அதற்கு ஸ்டாண்டு, பஞ்சுத் தொப்பி. மூன்று முள் உள்ள எக்ஸ்.எல்.ஆர். வயர் தேவைக்கு மேல் இரண்டு. கீபோர்டு இருந்தால், அதன் வயரை மிக்சரின் மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று. இத்தனையும் பின்சீட்டை மடக்கிய ஒரு மைவி காரில் அடங்கும். அடங்கவில்லை என்றால் அதிகமாக எடுத்துப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

மைக்குக்கு ஷூர் எஸ்.எம்.58 போன்ற ஒன்று போதும். 1966-இல் வந்த மாடல், கீழே விழுந்தாலும் அசராது. ஆனால் போலிகள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மருந்து விற்பவர் வைத்திருப்பாரே, சக்கரமும் கைப்பிடியும் பேட்டரியும் உள்ள பெட்டி, அது போதாதா என்று கேட்பார்கள். லயத்து வாசலில் முப்பது பேர் ஜெபத்துக்குப் போதும். ஆனால் அதைத் தரையில் வைக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் வரும் சத்தத்தை முன்வரிசைக் கால்களே குடித்துவிடும். ஒரு மேசைமேல் ஏற்றுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம்.

வயர்லெஸ் மைக் வசதிதான். ஆனால் பழைய செட்டை யாராவது காணிக்கையாகக் கொடுத்தால் அலைவரிசையைப் பாருங்கள். 2019-இல் பழைய டிவி ஒளிபரப்பு நின்ற பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. வயர்லெஸ் இருந்தாலும் வயர் மைக் ஒன்று தயாராக நிற்கட்டும்.

மின்சாரம்

பக்கத்து வீட்டிலிருந்தோ பாலாய் ராயாவிலிருந்தோ (ஊர்ப் பொது மண்டபம்) எக்ஸ்டென்ஷன் இழுக்க முடிந்தால் அதுதான் சுலபம். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி உள்ள, 13 ஆம்பியருக்கான உருளையை வாங்குங்கள். அதைச் சுவரில் செருகும் முனையில், மின்கசிவு 30 மில்லியாம்பியரைத் தாண்டினால் தானே அறுத்துவிடும் ஆர்.சி.டி. ஒன்றைப் போடுங்கள். ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நிற்கிறவர் கையில் மைக் கொடுக்கப்போகிறீர்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

உருளையில் வயரைச் சுற்றியபடியே பயன்படுத்தக் கூடாது, முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். இதை நான் கற்றது ஒரு கிறிஸ்துமஸ் ஜெபக்கூட்டத்தில். எங்கள் சாமான் இழுத்ததென்னவோ கொஞ்சம்தான். ஆனால் ஓர் அக்கா அதே எக்ஸ்டென்ஷனில் தேத்தண்ணிக் கொதிகலனைச் செருகிவிட்டார். அது தனியே பத்து ஆம்பியர். பாதிக்கு மேல் சுற்றிக் கிடந்த உருளை சூடாகி, ரப்பர் வாடை அடித்து, நீண்ட ஜெபம் ஒன்றின் நடுவில் எல்லாம் அணைந்தது. அதிலிருந்து எங்கள் எக்ஸ்டென்ஷனின் மிச்சத் துளைகளில் டேப் ஒட்டி “மைக் செட் மட்டும்” என்று எழுதிவிடுகிறோம்.

மின்சாரமே இல்லாத இடமென்றால் இரண்டு வழி. பெட்ரோலில் ஓடும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், இல்லையேல் பவர் ஸ்டேஷன் என்று விற்கும் லித்தியம் பேட்டரிப் பெட்டி. ஜெனரேட்டரைக் காற்று வீசும் திசை பார்த்து, மரத்துக்கோ லோரிக்கோ பின்னால் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளினாலும் உறுமல் கேட்கத்தான் செய்யும். காலை ஆராதனைக்கு நான் பேட்டரியைத்தான் எடுப்பேன். ஸ்பீக்கரில் 1000 வாட் என்று போட்டிருந்தாலும் பேச்சும் பாட்டுமாக ஓடும்போது சராசரியாக இழுப்பது அதில் சிறு பங்குதான். இரண்டு ஸ்பீக்கர், மிக்சர், கீபோர்டு சேர்த்து 200 வாட் என்று வைத்துக்கொண்டால், 700 வாட்-ஹவர் பெட்டி, மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தும், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வாங்குமுன் அது தூய சைன் அலை கொடுக்கிறதா என்று கேளுங்கள். மலிவான மாற்றிகள் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. திறந்தவெளியில் சுவர் கிடையாது, கூரை கிடையாது. மண்டபத்தில் திரும்பி வந்து உதவும் சத்தம் இங்கே போனது போனதுதான். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் 90 டெசிபெல் இருந்தால் 8 மீட்டரில் 84, 16 மீட்டரில் 78. பின்னால் கேட்கவில்லை என்று திருகை ஏற்றினால் முன்னால் இருப்பவர்தான் அவதிப்படுவார். நான் முதல் தடவை செய்தது அதைத்தான்.

மருந்து இரண்டு. ஒன்று, ஸ்பீக்கரை உயர்த்துவது. ஸ்பீக்கரின் மேல்பாதியில் கூர்மையான ஒலி வரும் ஹார்ன், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்வரிசைக்குத் தூரம் கூடும், பின்வரிசைக்குத் தலைகள் மறைக்காது. முடிந்தால் கடைசி வரிசையைப் பார்த்துச் சற்றே குனிய வையுங்கள். முக்காலியின் கால்களை நன்றாக விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் பை. மழையில் ஊறிய திடலில் கால் புதையும். அடியில் பலகைத் துண்டு போடுங்கள்.

இரண்டாவது மருந்துக்குக் காசே வேண்டாம். நாற்காலியை மாற்றிப் போடுங்கள். வரிசைக்குப் பத்து வீதம் பதினைந்து வரிசை போட்டால், முன்வரிசை ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டரில் இருக்க, கடைசி வரிசை 17, 18 மீட்டருக்குப் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் ஏறத்தாழ 13 டெசிபெல் வித்தியாசம். வரிசைக்கு இருபது வீதம் எட்டு வரிசையாக அகலப்படுத்தினால் வித்தியாசம் 9-க்கு இறங்கிவிடும். நாற்காலி போடுகிறவர்கள் நீளமாகத்தான் போடுவார்கள், கல்யாண வீட்டுப் பழக்கம். அவர்களுக்கு முன்பே நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

கூட்டம் பெரிதாகி, பாதித் தூரத்தில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைக்க நேர்ந்தால் தாமதக் கணக்கு வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும், அதாவது ஒரு மீட்டருக்கு 3 மில்லிநொடி. ஆனால் வயர் வழியே சத்தம் உடனே போய்விடும். 17 மீட்டர் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு 50 மில்லிநொடி தாமதம் கொடுக்காவிட்டால் பின்னால் இருப்பவர் ஒரே சொல்லை இரண்டு முறை கேட்பார். அந்த வசதி உள்ள மிக்சர் இல்லையென்றால் இரண்டாவது ஜோடியைத் தொடவே வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரைப் பின்னால் வைத்துச் சமாளிக்கலாம் என்று ஓர் இளைஞர் கட்டாயம் சொல்வார். புளூடூத் தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும்.

பேசுகிறவரும் மைக்கும் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால், இல்லையேல் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து கூவும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்றெதுவும் உதவாது.

வயர் இணைப்பதும் அளவு வைப்பதும்

எல்லாவற்றுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வரட்டும். ஸ்பீக்கர் ஒரு வீட்டிலும் மிக்சர் இன்னொரு வீட்டிலும் செருகினால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். அதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடும் வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டேயே விடாதீர்கள். கீபோர்டிலிருந்து மட்டும் இரைச்சல் வந்தால் டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் பொத்தானைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நடக்கும் வழியில் வயர் குறுக்கே போகக் கூடாது. கேனோபி (கூட்டத்துக்குப் போடும் கூடாரம்) ஓரமாகக் கொண்டுபோங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் மேலே பழைய ரப்பர் பாய் ஒன்றைப் போடுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் ‘மைக்’, ‘லைன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மிக்சரிலிருந்து வந்தால் ‘லைன்’. இதை மாற்றி வைத்துவிட்டு ஏன் இப்படிக் கரகரக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை.

போடும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொம்’ என்று ஓர் அடி விழும், ஹார்னுக்கு நல்லதில்லை.

அப்புறம் அளவு. ஃபேடரை, அதாவது மிக்சரில் மேலும் கீழும் நகரும் பிடியை, ‘0’ என்று குறித்த கோட்டில் வையுங்கள், அடிமட்டத்தில் அல்ல. பேசப்போகிறவரையே கூப்பிட்டு, உண்மையில் பேசும் குரலில் பேசச் சொல்லுங்கள். “செக், செக், ஒன், டூ” என்று முனகினால் பயனில்லை. அவர் உரக்கப் பேசும்போது பீக் விளக்கு லேசாகக் கண்சிமிட்டும் இடம்வரை கெயினை (மைக்கிலிருந்து உள்ளே வரும் அளவைக் கூட்டும் திருகை) ஏற்றி, அங்கிருந்து சற்றே குறையுங்கள். எல்லா மைக்குக்கும், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் பொத்தானை அழுத்திவிடுங்கள். காற்றடிப்பதும் கையால் உரசுவதும் அதிலேயே பாதி போய்விடும்.

தட்டு, பட்டு, கட்டு

இப்போது பாட்டிக்கான சோதனை. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, முதல் எழுத்து மட்டும் மாறும் சொற்களைக் கலைத்துப் போட்டுப் படிக்கட்டும்: தட்டு, மட்டு, பட்டு, கட்டு, சட்டை, மட்டை, பட்டை, கட்டை. இன்னொருவர் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதை எழுதட்டும். வேத வசனம் படித்துச் சோதிக்காதீர்கள், அதுவும் மனப்பாடம்தான்.

பத்துக்கு எட்டாவது சரியாக வரவில்லையென்றால் சத்தத்தைக் கூட்டுமுன், தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மிக்சரின் ஈக்யூ திருகுகளில் கையை வையுங்கள். குரலின் கனம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. ‘தட்டு’, ‘பட்டு’ இரண்டையும் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மையோ 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 250 முதல் 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் பானைக்குள் பேசுவது போன்ற தன்மை போகும். 3000 பக்கம் துளி கூட்டினால் சொல் முன்னே வரும். துளிதான், அதிகமானால் ‘ச’ எல்லாம் சீறும். பாட்டுக்கு நன்றாக இருக்கிறது என்று பேஸைக் கூட்டிவைத்திருப்பவர்களோடு இந்த இடத்தில் சண்டை வரும். கீபோர்டு சேனலில் கூட்டிக்கொள்ளட்டும், பாஸ்டர் மைக்கில் வேண்டாம்.

மைக் கூவ ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. அது எட்டு விரலானால் 6 டெசிபெல் போய்விடும், நீங்கள் திருகை ஏற்றுவீர்கள், அது கூவும். வலைத் தொப்பியைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாணி இளைஞர்களிடம் உண்டு. மைக் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்குவது அந்தத் தொப்பிக்குக் கீழே உள்ள துளைகளால்தான், பொத்தினால் ஊரெல்லாம் உள்ளே வரும். யாரும் பேசாத மைக்கை இறக்கி வையுங்கள். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் குறையும். சாட்சி சொல்ல வருகிற பெரியவர் மைக்கைத் தொப்புளுக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஸ்டாண்டில் பொருத்திக் கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

மழை

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வரும். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் காலம் அது, பின்மாலையில் இடியோடு கொட்டும். காலை ஆராதனை பெரும்பாலும் தப்பிவிடும், முந்தின மாலை வயர் இழுத்து வைத்திருந்தால் அது தப்பாது. பெரிய கறுப்புக் குப்பைப் பைகளை ஸ்பீக்கருக்கு ஒன்றும் மிக்சருக்கு ஒன்றுமாக வைத்திருங்கள். ஓடும்போது ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மூடிக் கட்டாதீர்கள், சூடு வெளியேற வேண்டும். எக்ஸ்டென்ஷன் தலை தரையில் கிடக்கக் கூடாது. கவிழ்த்த வாளியின்மேல் ஏற்றி, பிளாஸ்டிக் டப்பாவால் மூடுங்கள்.

இடி கேட்டால் நிறுத்திவிட்டு எல்லாரையும் கட்டடத்துக்கோ வாகனங்களுக்கோ அனுப்புங்கள். கேனோபியின் இரும்புக் கம்பத்தடியில் ஒதுங்குவது பாதுகாப்பில்லை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பிரசங்கம் முடிய இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று யார் சொன்னாலும் ஃபேடரை இறக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை முன்கூட்டியே பாஸ்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது

வயரை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் அடுத்த தடவை சிக்கில்லாமல் ஓடும். சுற்றும்போதே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். செம்மண் காய்ந்தால் போகாது. பேட்டரியை அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். ஈயப் பேட்டரி என்றால் தள்ளிப்போடவே கூடாது, காலியாகக் கிடந்தால் செத்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பை போட்டு மிக்சரை வையுங்கள். ஒரு தடவை எங்கள் மிக்சரின் துளைக்குள் எறும்பு குடித்தனம் நடத்தியிருந்தது.

மைக்கின் வலைத் தொப்பி திருகினால் கழன்று வரும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சோடு சேர்த்து சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். எத்தனை பேர் வாய் வைத்துப் பாடியிருக்கிறார்கள் என்பது முதல் தடவை அலசும் தண்ணீரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.